மூன்றாம் மாடியின் ஒற்றை அறை

முதல் வருஷத்துப் பெண்களைத் தனி அறையில் போடுவதா, இரண்டிரண்டு பேராகப் போடுவதா என்று எனக்கும் அஷ்தரி கானுமுக்கும் நடக்கிற சண்டை எங்கள் விடுதியின் கொதிகலனைவிடப் பழையது. ஈரானின் மலையூரான ஹமதானின் குளிருக்குக் கொதிகலன் அடிக்கடி நின்றுபோகும். எங்கள் சண்டை நிற்காது. நாங்கள் இருவரும் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதிக்குக் காப்பாளர்கள். கானும் என்பது பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற எங்கள் ஊர்ச் சொல். ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். முறை மாறுகிற நேரத்தில் அலுவலக அறையில் சேர்ந்து உட்கார்ந்து தேநீர் குடிப்போம். மற்றவர்கள் தேநீரோடு சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொள்வார்கள். நாங்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வோம்.

“பதினெட்டு வருஷமா அம்மா, அப்பா, சித்தி, பெரியம்மான்னு கூட்டத்துலயே கிடந்ததுங்க. ஒரு வருஷமாவது கதவைச் சாத்திக்கிட்டு, தான் யாருன்னு பாக்கட்டுமே” என்பார் அஷ்தரி கானும்.

“தான் யாருன்னு பாக்கக் கண்ணாடி போதும். அடுத்தவ யாருன்னு பாக்கத்தான் இன்னொரு கட்டில் வேணும்” என்பேன் நான்.

“கேக்க அழகாத்தான் இருக்கு, தூரான் கானும். உங்க வீட்டுக்காரர் போனப்புறம் தங்கச்சி கூப்பிட்டும் நீங்க ஏன் அவளோட போய் இருக்கலை?”

“அவ குறட்டை விடுவா.”

இப்படிப்பட்ட இரண்டு பேரிடம்தான் அனீஸும் தர்லானும் வந்து சேர்ந்தார்கள்.

அனீஸ் அபாதானிலிருந்து வந்தாள். அப்பாவுக்கு மீன்கடை. மகளோடு பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு பெரிய மீனையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நான் வேண்டாம் என்றேன், அவர் வைத்தார், மறுபடி வேண்டாம் என்றேன், மறுபடி வைத்தார், மூன்றாவது தடவையும் ஆனபிறகு எடுத்துக்கொண்டேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. பெரிய மனுஷன், தடித்த குரல், ஆனால் மகள் பக்கம் திரும்பும்போதெல்லாம் குரல் உடைந்தது. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று அதட்டினார்.

“எங்க குடும்பத்துல வெளியூர் வந்து படிக்கிற முதல் பொண்ணு இவதான், கானும். இவ அம்மா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. அதனால இவகிட்ட ஒரே பேச்சுதான் பேசியிருக்கேன். பரீட்சை முடிஞ்சு வந்தா நல்லபடியா வா. நடுவுல ஒரு தடவை அழுதுக்கிட்டு வந்து நின்னேன்னா, அதோட சரி. திரும்ப அனுப்ப மாட்டேன். கடையில உக்காந்துக்க.”

அவர் பெட்டிகளை இறக்கப் போன இடைவெளியில் அந்தப் பெண் என் பக்கம் குனிந்தாள்.

“கானும், ஒண்ணே ஒண்ணு. எங்க வேணா போடுங்க. தனியா மட்டும் போட்டுடாதீங்க. நாங்க அஞ்சு பொண்ணுங்க ஒரே அறையில வளந்தோம். பக்கத்துல யாராவது மூச்சு விடற சத்தம் கேக்கலைன்னா எனக்குத் தூக்கமே வராது. தூங்கலைன்னா படிக்க முடியாது. படிக்கலைன்னா...”

வெளியே அவள் அப்பா படிக்கட்டில் மூச்சு வாங்குவது கேட்டது.

தர்லான் தப்ரீஸ்காரி. அப்பா, அம்மா இருவருக்கும் மருந்துக்கடை. ஒரே மகள். பிறந்ததிலிருந்து தனி அறை. கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு கருப்புத் துணி, காதில் வைக்கப் பஞ்சு, ஒரு டப்பா பாதாம் இனிப்பு, இவற்றோடு வந்து இறங்கினாள். இருவரையும் இருநூற்றுப் பதினான்காம் அறையில் சேர்த்துப் போட்டது நான்தான். ஒருத்திக்கு வீட்டில் இல்லாதது இன்னொருத்தியிடம் இருக்கிறது, கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்பது என் கணக்கு.

“பாலையும் எலுமிச்சையையும் ஒரே பாத்திரத்துல ஊத்திட்டு நல்லா இருக்கும்னு சொல்றீங்க” என்றார் அஷ்தரி கானும்.

மற்ற அறைகளில் முதல் வாரமே சண்டை தொடங்கிவிடும். ஒருத்தி ஈரத்துணியை வெப்பக் குழாய்மேல் காயப்போடுவாள். இன்னொருத்தியின் அலாரம் விடியுமுன் ஊரையே எழுப்பும். பூண்டு ஊறுகாயை மூடாமல் வைத்ததற்காகக் குடுமிப்பிடி நடந்ததுண்டு. அழுவார்கள், என்னிடம் வருவார்கள், நான் இருவரையும் திட்டுவேன், மறுநாள் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அதனால் சண்டை போடுகிற அறைகளைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. இருநூற்றுப் பதினான்கில் சண்டையே வரவில்லை. அந்தக் கதவைத்தான் நான் கவனிக்கத் தொடங்கினேன்.

எங்கள் ஜனங்களுக்கு உபசாரம் ரத்தத்தில் ஊறியது. எதையும் முதல் தடவையில் வாங்கிக்கொள்வது மரியாதை இல்லை. கொடுப்பவர் நீட்ட வேண்டும், நாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்று சுற்று இப்படி ஆக வேண்டும். அதற்குப் பிறகும் நீட்டினால்தான் அது மனசார நீட்டியது. டாக்சிக்காரன் காசு வேண்டாம் என்பான், கசாப்புக்காரன் வேண்டாம் என்பான், சவக்குழி வெட்டுகிறவன்கூட வேண்டாம் என்பான். யாரும் ஏமாறுவதில்லை, எல்லாருக்கும் விதி தெரியும். விருந்துக்கு வந்து போகிறவர்களிடம் இது அழகு. ஆனால் இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறையில், காலை முதல் மறுநாள் காலை வரை இதையே செய்துகொண்டிருந்தால் மனுஷன் செத்துப்போவான்.

அவர்கள் செய்தார்கள். உணவுக்கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து “நீ முதல்ல”, “இல்ல, நீ முதல்ல” என்று சோறு ஆறிப்போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அறைக் கதவு வழியாகப் போகும்போது நானே கேட்டிருக்கிறேன்.

“விளக்கை அணைச்சுடட்டுமா, தர்லான்?”

“ஐயோ, எரியட்டும். எனக்கு வெளிச்சம் இருந்தாத்தான் தூக்கமே வரும்.”

“எனக்காகச் சொல்ற.”

“சத்தியமா இல்ல. நீ அணைச்சா நான் கோவிச்சுக்குவேன்.”

விளக்கு எரிந்தது. அனீஸ் நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு மாதத்தில் தர்லானின் கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் கீரைக் குழம்புத் தட்டுக்கு முன்னால் கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். எதிரில் அனீஸ், அவள் முதலில் சாப்பிடட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் மாடியில் இருந்த ஒற்றை அறை காலியானது. முன்பு போர்வைகள் அடுக்கி வைத்திருந்த இடம் அது. கட்டடத்திலேயே ஆள் தனியாகப் படுக்கிற ஒரே அறை. அதிலிருந்த சட்டம் படிக்கிற பெண் கல்யாணம் பண்ணிக்கொண்டு கெர்மான்ஷாவுக்குப் போய்விட்டாள். மூத்த மாணவிகளுக்கெல்லாம் அவரவர் கூட்டாளி இருந்தார்கள், நடுக்குளிரில் மூட்டை தூக்க யாரும் தயாரில்லை. எங்கள் சண்டையைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த நிர்வாகி, “முதல் வருஷப் பொண்ணு ஒருத்தியைப் போட்டுப் பாருங்க. அப்பறமாவது என் தலையை விடுங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

“தர்லானுக்குக் கொடுங்க” என்றேன். “அந்தப் பொண்ணு இனிமே தட்டுல முகத்தை வச்சுத் தூங்கும்.”

“ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டுத்தான் கொடுக்கணும். அதுதான் நியாயம்” என்றார் அஷ்தரி கானும்.

“சரி, நான் இருக்கும்போது கேளுங்க.”

அவருக்குப் பொறுக்கவில்லை. தன் முறை நாளிலேயே கேட்டுவிட்டார். மறுநாள் காலை நான் கோட்டைக் கழற்றுவதற்குள் வெற்றிச் செய்தியைச் சொன்னார்.

“அனீஸுக்குக் கொடுத்துட்டேன்.”

எனக்குக் கை கோட்டிலேயே சிக்கிக்கொண்டது. “யாருக்கு?”

“கேளுங்களேன். தர்லான் சொன்னா, ‘அனீஸுக்குக் கொடுங்க, வெயில் ஊருக்காரி, குளிர்ல நடுங்கறா’ன்னு. அனீஸ், ‘ஐயோ, எனக்கு எதுக்கு, தர்லானுக்குக் கொடுங்க’ன்னா. ‘உன்னை விட்டுட்டு நான் எடுத்துக்குவேனா’ன்னு அவ. ‘என் உயிர்மேல ஆணை, நீதான் எடுத்துக்கணும்’னு இவ. தர்லான் மூணு தடவையோட நிறுத்திட்டா. அனீஸ் நாலு, அஞ்சுன்னு போயிட்டே இருக்கா! அவ்வளவு வேண்டாம்னு சொல்றவளுக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு ஆசை இருக்கும்? கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, பாவம். நான் சாவியை அவ கையில திணிச்சு விரலை மூடிட்டேன்.”

“அவ உண்மையாவே வேண்டாம்னு சொல்லியிருந்தா, கானும்?”

“உண்மையா வேண்டாம்னா அத்தனை தடவையா சொல்லுவாங்க?” என்றார் அவர். நாற்பது வருஷமாக இந்த ஊரில் வாழ்கிற மனுஷிக்கு அப்படித்தான் தோன்றும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் மேலே போனேன். அனீஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்கச் செருப்பை இடுக்கில் செருகி வைத்திருந்தாள்.

“எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு, கானும். கொடுத்த அஷ்தரி கானுமோட கை வலிக்காம இருக்கணும்” என்று எங்கள் வழக்கப்படி நன்றி சொன்னாள்.

“பொண்ணே, நீ என்கிட்ட சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. வேண்டாம்னா சொல்லு. இப்பவே மாத்தித் தரேன்.”

“பெரியவங்க ஆசையா கொடுத்தது. திருப்பிக் கொடுத்தா அவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகும்.”

நான் இன்னொரு தடவை கேட்டேன். அதற்குப் பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் அழகாகச் சிரித்து, இன்னும் அழகாக நன்றி சொன்னாள். கீழே வந்து அஷ்தரி கானுமிடம் விஷயத்தைச் சொன்னேன். “அவளே நல்லா இருக்குங்கறா. நீங்க தோத்துட்டீங்க, அதனால சொல்றீங்க” என்று சர்க்கரைக் கட்டியைக் கடித்தார்.

தோற்றது போலத்தான் இருந்தது. தர்லானோடு சேர்க்க வேறு பெண் இல்லை, பரீட்சை முடிந்துதான் யாராவது வருவார்கள். ஆக, இருநூற்றுப் பதினான்கில் அவளும் தனி. முதல் நாள் கருப்புத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள். ஒரு வாரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. உணவுக்கூடத்தில் சிரித்துப் பேசினாள். நான் கடந்து போகும்போதெல்லாம் அஷ்தரி கானும் அவளைக் கண்ணால் காட்டுவார்.

அனீஸைக் காட்ட மாட்டார். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் மத்தியானங்களில் கீழே தொழுகை அறைக்குப் போக வேண்டும். அங்கே எப்போதும் பத்துப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், கம்பளத்தின்மேல், அனீஸ் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள். வகுப்புகளை விட்டுவிட்டுத் தூங்குவாள். இரவெல்லாம் மாடியில் விழித்திருக்கிறாள் என்பது சொல்லாமலே தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. வேதியியல் ஆசிரியை எனக்குப் போன் செய்து, உங்கள் அபாதான் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. தொழுகை அறையில் அவளை உலுக்கி எழுப்பினேன்.

“எந்திரி. மூட்டையைக் கட்டு. இன்னிக்கே பழைய அறைக்குப் போற. அஷ்தரி கானுமை நான் பாத்துக்கறேன்.”

அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். “வேண்டாம், கானும். அவங்களுக்காக இல்ல. தர்லான் இப்பத்தான் தூங்கறா. அவ முகத்தைப் பாத்தீங்களா? நான் இருந்தப்ப ஒரு நாள்கூட அப்படி இல்ல. அவளைக் கெடுத்துட்டு நான் நல்லா இருக்க வேண்டாம்.”

“அவகிட்ட கேட்டியா?”

“கேட்டா வான்னுதான் சொல்லுவா. அவ எதுக்குத்தான் மாட்டேன்னு சொல்லியிருக்கா?”

அவள் தலைக்கு ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. அல்வந்த் மலை முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒரு சாயங்காலம் அனீஸ் அலுவலக அறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு பெட்டி, சுருட்டிக் கட்டிய படுக்கை, தோளில் கம்பளிப் போர்வை.

“சித்தி பொண்ணுக்குக் கல்யாணம், கானும். மூணு நாள்ல வந்துடுவேன்.”

“கல்யாணத்துக்குப் படுக்கை எதுக்கு?”

“துவைக்கணும்.”

“அபாதான் போய்த்தான் துவைக்கணுமா?”

அவள் தரையைப் பார்த்தாள். இந்தப் பெண் போனால் திரும்ப மாட்டாள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு வருஷம் கழித்து மீன்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். “போகாதே, பொண்ணே” என்றேன். “உங்க நிழல் எங்கமேல குறையாம இருக்கட்டும், கானும்” என்று விடைசொல்லி என் கையை முத்தமிட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். பதினெட்டு வயதான பெண்ணைக் கட்டிப் போட எனக்கு அதிகாரம் இல்லை. ஒலிபெருக்கியை எடுத்து இருநூற்றுப் பதினான்கைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட குரலில் பாதி விடுதி ஜன்னலுக்கு வந்துவிட்டது.

தர்லான் கோட்டுகூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்தாள். டாக்சிக்காரன் பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“எங்க போற?”

“கல்யாணம். வந்துடுவேன்.”

“போகாத, அனீஸ். நம்ம அறைக்கே வந்துடு.”

“நீ நல்லவ, தர்லான். உன் அன்பே எனக்குப் போதும்.”

“நெஜமாத்தான் சொல்றேன், வந்துடு.”

“தெரியும். உன் மனசு பெருசு. எனக்குத் தொந்தரவு பண்ண மனசில்ல.”

“அனீஸ், தயவு பண்ணி இரு.”

“ஆயிரம் நன்றி” என்று சொல்லி அனீஸ் அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு டாக்சிக் கதவைத் திறந்தாள்.

தர்லான் அப்படியே நின்றாள். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எந்த வீட்டு வாசலிலும், புறப்படுகிற எந்த விருந்தாளியிடமும் சொல்கிற வார்த்தை. இருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், இதற்குள் என்ன அவசரம். யாரும் அதைக் கேட்டு இருந்துவிடுவதில்லை. மனசாரச் சொல்வதற்கென்று நாங்கள் வேறு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. அது அந்தப் பெண்ணுக்கு அந்த நிமிஷம் உறைத்திருக்க வேண்டும். முகம் சிவந்தது.

“உன்னை எனக்குப் பிடிக்கவே இல்ல!” என்று கத்தினாள்.

அனீஸின் ஒரு கால் டாக்சிக்குள் இருந்தது. “என்ன?”

“பிடிக்கல! அறையில நீ இருந்தா எனக்குப் பிடிக்கல. தூக்கத்துல பேசற. பேசறதுகூட இல்ல, மீன் விக்கற! விலை சொல்லிக் கத்தற! அந்த விளக்கு ராத்திரி முழுக்க என் கண்ணைக் குத்துது.”

“நீதானேடி வெளிச்சம் இருந்தாத்தான் தூக்கம் வரும்னு சொன்ன?”

“பொய்! எவளுக்காவது வெளிச்சத்துல தூக்கம் வருமா?”

“அப்ப நான் பேசறப்பல்லாம் தலையாட்டிக் கேட்டியே?”

“காதுல பஞ்சு! நீ சொன்ன ஒரு கதையும் நான் கேட்டதில்ல!”

“எங்க அக்கா கதையைச் சொன்னப்ப அழுதியே!”

“தூக்கம் சொக்கிக் கண்ணுல தண்ணி வந்துச்சு!”

ஜன்னல்களிலிருந்து யாரோ சிரித்தார்கள். அனீஸ் டாக்சியிலிருந்து காலை வெளியே எடுத்தாள். அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

“நீ மட்டும் என்ன ஒழுங்கா? நான் மீன்குழம்பு வச்சா ரெண்டு வாய் தின்னுட்டு ஆஹா, ஓஹோன்ற. மீதியைக் குப்பைத் தொட்டியில பாத்தேன்டி நான்!”

“புளி! எதைத் தொட்டாலும் புளி! பல்லு கூசிப்போச்சு எனக்கு!”

“உன் இனிப்பு மட்டும்? சோப்பு தின்ன மாதிரி இருக்கு. உனக்காக ஒரு டப்பா தின்னேன்!”

“தின்னாத! யாரு தின்னச் சொன்னா? நீ போனப்புறம் நான் எப்படித் தூங்கறேன் தெரியுமா? சொர்க்கமா இருக்கு. அந்த அறை சொர்க்கமா இருக்கு. இப்ப சொல்றேன், மேல வந்து உன் கட்டில்ல படு.”

அனீஸ் அவளை உற்றுப் பார்த்தாள். “சொர்க்கம்னு சொல்லிட்டு எதுக்குடி கூப்பிடற?”

“நீ போனா உங்கப்பா திரும்ப அனுப்ப மாட்டாரு. எத்தனை தடவை சொல்லியிருக்க! அது மட்டும் பஞ்சு வழியா கேட்டுச்சு” என்றாள் தர்லான். அவள் பல் கிட்டித்தது, குளிரிலா அழுகையிலா தெரியவில்லை. “நீ அங்க மீன்கடையில உக்காந்திருப்ப. நான் இங்க சொர்க்கத்துல படுத்துக்கிட்டு அதையே நினைச்சுக்கிட்டிருக்கணுமா?”

“சரி” என்றாள் அனீஸ்.

ஒரே தடவை. நன்றி சொல்லவில்லை, உன் மனசு பெருசு என்று சொல்லவில்லை. படுக்கையை இறக்கித் தர்லான் தலையில் வைத்துவிட்டு, பெட்டிகளைத் தானே எடுத்துக்கொண்டாள். இத்தனை திட்டுகிறவள் உபசாரத்துக்காகக் கூப்பிடவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

டாக்சிக்காரன் பனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததற்கும் காத்திருந்ததற்கும் என்ன தர வேண்டும் என்று தர்லான் கேட்டாள். அவன் நெஞ்சில் கை வைத்து, “உங்ககிட்ட வாங்குவேனா, மகளே? நீங்க என் விருந்தாளி” என்றான். தர்லான் இன்னும் அந்த வேகத்திலேயே இருந்தாள். “சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். “அக்கா, நான் சும்மா ஒரு பேச்சுக்கு...” என்று இழுத்தான். அவனுக்குச் சேர வேண்டியதை நான் கொடுத்தேன். அவன் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.

பஸ் நிலையத்தில் காத்திருக்க வேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்ல அனீஸ் என் அறையிலிருந்துதான் பேசினாள். “வரலைப்பா... இல்ல, பஸ்ஸெல்லாம் இருக்கு. ஒருத்தி விடமாட்டேங்கறா... என் அறைக்காரிதான். என்னை அவளுக்குப் பிடிக்காதாம்.” அப்பா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். தடித்த குரல் முழுக்க உடைந்துபோயிருந்தது. “கானும், அந்தப் பொண்ணை மட்டும் வேற அறைக்கு மாத்திடாதீங்க” என்றார்.

அஷ்தரி கானும், தான் தனி அறை கொடுத்ததால்தான் இரண்டும் வாயைத் திறந்தன, ஆகவே வென்றது தான்தான் என்கிறார். சேர்த்துப் போட்டது நான் என்று நான் சொல்கிறேன். சண்டை நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாம் மாடி அறையில் மறுபடியும் போர்வைகளை அடுக்கினோம்.

அனீஸ் எல்லாப் பாடத்திலும் தேறினாள். தர்லானுக்கு ஒரு பாடம் போயிற்று. அது கதைக்கு அழகில்லைதான், ஆனால் போயிற்று. விளக்கு அணைகிற நேரத்துக்காகத் தினமும் சண்டை, புளிக்காகச் சண்டை, சத்தம் என் அறை வரைக்கும் வரும். தர்லானின் கண்ணுக்குக் கீழே இருந்த கரி அந்த வருஷம் முழுக்கப் போகவே இல்லை. வசந்த காலத்தில் ஒரு நாள் படிக்கட்டில் அவளை நிறுத்தினேன்.

“அந்த ஒற்றை அறை சும்மாத்தான் கிடக்கு. போர்வையை எடுத்துடச் சொல்றேன். உனக்கு வேணுமா?”

“வேண்டாம்” என்றாள்.

நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.